நெஞ்சடைப்பும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும்: முதுமை, பகை, மருத்துவம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

பெரியதாழைக் கடற்கரையில், தூண்டில் வளைவுக்குப் போட்ட கற்களுக்கு இந்தப் பக்கம், ஒரு பெரியவர் கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சடைப்பு வந்து பிழைத்தவர். என்ன சொன்னாங்க ஆஸ்பத்திரியில் என்று கேட்டேன்.

‘டாக்டரு உப்பக் கேட்டாரு, கருவாட்டக் கேட்டாரு, பீடியக் கேட்டாரு. எங்க அண்ணனக் கேக்கலயே தம்பி’ என்றார்.

அண்ணன் நாலு வீடு தள்ளி இருக்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருடம். ஒரு வள்ளத்தின் பங்கு, அதற்கு மேல் வாங்கிய ஒரு எஞ்சின், அப்புறம் ஒரு கலியாணத்தில் கொடுக்காத மரியாதை என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருவரும் ஒரே கோயிலில்தான் நிற்கிறார்கள். சமாதானம் சொல்லிக் கைகூப்பும் இடம் வரும்போது தம்பி வலதுபக்கம் திரும்பிக் கும்பிடுவார், இடதுபக்கம் திரும்பமாட்டார். அண்ணன் அங்கே நிற்பார்.

இதை ஒரு சான்றாக நான் முன்வைக்கவில்லை. அவர் ஐம்பது வருடம் பீடி குடித்தவர், ரத்தக்கொதிப்பு உள்ளவர். அண்ணனால்தான் நெஞ்சு அடைத்தது என்று ஒருவரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் வாக்கியத்தில் ஒரு விமர்சனம் இருக்கிறது. நோயாளியின் சீட்டில் உப்புக்கு இடமிருக்கிறது, அண்ணனுக்கு இடமில்லை. இந்த இடமின்மை எப்படி உண்டானது? அதற்கும் ஒரு வரலாறு இருக்க வேண்டும் அல்லவா? இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைப் பற்றியது.

2

நெஞ்சு என்ற சொல்லைத் தமிழ் ஒருபோதும் தசையாக மட்டும் வைத்துக்கொண்டதில்லை. நெஞ்சு பொறுக்காது, நெஞ்சு வெடிக்கும், நெஞ்சில் ஈரம் இருக்கும் அல்லது இருக்காது. அகப்பாட்டில் தலைவி தன் நெஞ்சோடு பேசுகிறாள், சண்டை போடுகிறாள். உறுப்பும் உறவும் ஒரே சொல்லில் கிடந்தன. நவீன மருத்துவம் இந்த இரண்டையும் பிரித்தது. பிரித்ததால் கிடைத்த பலனை மறுக்க முடியாது, அந்தப் பெரியவர் உயிரோடு இருப்பதே அதன் பலன்தான். ஆனால் பிரிவினை எங்கே நடந்தது என்பதைக் கவனிக்கலாம்.

1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5209 பேரைத் தெரிந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை ஆகியவற்றுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் திட்டவட்டமாக நிறுவப்பட்டது. ‘அபாயக் காரணி’ என்று இன்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லாடல் 1961 வாக்கில் இந்த ஆய்விலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. அபாயம் என்பது தனிமனித உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பண்பாக மாறிப்போனது. உன் கொழுப்பு, உன் அழுத்தம், உன் பீடி. ஃபூக்கோ மருத்துவமனையின் பார்வை பற்றி எழுதியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியை மனதில் கொண்டு. ஆனால் அந்தப் பார்வை ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி, நோயே வராத மனிதனின் சமையலறை வரைக்கும் வந்தது இந்தக் கட்டத்தில்தான் என்று சொல்லலாம்.

இதற்கு முன்பே வேறொரு தடம் இருந்தது. இங்கிலாந்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் 1850களில் பிரான்சின் சாவுக் கணக்குகளைப் பார்த்து, மணமானவர்களைவிட மணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும் சீக்கிரம் சாகிறார்கள் என்று எழுதினார். 1897இல் துர்க்கைம் தற்கொலையை எடுத்துக்கொண்டு, தனிமனிதனின் ஆக அந்தரங்கமான செயல்கூடச் சமூகப் பிணைப்பின் இறுக்கத்தையும் தளர்ச்சியையும் பொறுத்தது என்று வாதிட்டார். மாரடைப்பைத் துர்க்கைமின் கண்ணால் பார்க்க மருத்துவத்துக்கு இன்னும் அறுபது எழுபது வருடம் தேவைப்பட்டது.

1969இல் இங்கிலாந்தில் பார்க்ஸும் அவருடைய சகாக்களும் 55 வயதுக்கு மேற்பட்ட 4486 விதவர்களின் கணக்கை வெளியிட்டார்கள். மனைவி இறந்த முதல் ஆறு மாதத்தில் இவர்களுடைய சாவு, அதே வயதுள்ள மணமான ஆண்களின் சாவைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகம். அதில் பெரும்பங்கு இதயநோய். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘உடைந்த நெஞ்சு’ என்ற சொல் இருந்தது. கவிதையில் கிடந்த சொல் புள்ளிவிவரத்துக்குள் கள்ளத்தனமாக நுழைந்ததுபோல.

இடையில் ஒரு கிளைக்கதையும் உண்டு. 1950களில் கலிஃபோர்னியாவின் இரண்டு இதய மருத்துவர்கள் அவசரமும் கோபமும் போட்டியும் கொண்ட மனிதர்களை ‘ஏ வகை’ என்று பெயரிட்டு, மாரடைப்பு அவர்களையே தேடிவருகிறது என்றார்கள். இந்தக் கருத்தை வளர்க்கப் புகையிலைக் கம்பெனிகள் நிறையப் பணம் கொடுத்தன என்பது பின்னால் அந்தக் கம்பெனிகளின் ஆவணங்களிலிருந்தே தெரியவந்தது. காரணம் சுலபம்: குற்றம் சிகரெட்டில் இல்லை, குடிப்பவன் சுபாவத்தில் இருக்கிறது என்று ஆகிவிடுமல்லவா? ஆக ‘மனம்தான் காரணம்’ என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் யார் செலவில் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே நான் பேச வருவது சுபாவத்தைப் பற்றி அல்ல, இரண்டு பேருக்கு நடுவில் கிடப்பதைப் பற்றி.

3

பெரியதாழையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ரொசெட்டோ என்ற ஊர். தெற்கு இத்தாலியின் ரொசெட்டோ வால்ஃபோர்த்தோரே கிராமத்திலிருந்து 1882 முதல் கூட்டம் கூட்டமாகப் போய்க் குடியேறியவர்கள். கத்தோலிக்கர்கள். ஆண்களுக்குப் பலகைக்கல் சுரங்கத்தில் வேலை, பெண்களுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. கார்மேல் மாதா கோயில்தான் ஊரின் நடு. பக்கத்து ஊரான பேங்கரில் வெல்ஷ்காரர்களும் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். இத்தாலியர்களை அவர்கள் மதிக்கவில்லை.

1961இல் உள்ளூர் மருத்துவர் ஒருவர் ஸ்டூவர்ட் உல்ஃப் என்ற பேராசிரியரிடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: ரொசெட்டோக்காரர்களுக்கு மாரடைப்பு அபூர்வமாகத்தான் வருகிறது. உல்ஃபும் சமூகவியலாளர் ஜான் புரூனும் ஊருக்குள் போய்ப் பார்த்தார்கள். சாப்பாட்டில் பன்றிக்கொழுப்பு. ஆண்கள் நன்றாகவே புகைத்தார்கள். தண்ணீரும் மருத்துவர்களும் பேங்கருக்கும் இவர்களுக்கும் பொதுதான். அப்படியிருந்தும் மாரடைப்புச் சாவு அக்கம்பக்கத்து ஊர்களில் பாதிகூட இல்லை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, கிழவர்களுக்கு மரியாதை, பணக்காரன் பணத்தைக் காட்டிக்கொள்ளாத ஒழுங்கு, திருவிழா, சங்கம் என்று ஒரு பட்டியல் போட்டு, காரணம் இதுதான் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. இளையவர்கள் அமெரிக்கர்களாக மாறுகிறார்கள், இந்தப் பிணைப்பு தளரும், தளர்ந்தால் மாரடைப்பும் ஏறும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 1992இல் வெளிவந்த ஐம்பதாண்டு ஒப்பீடு, 1935 முதல் 1985 வரையிலான சாவுக் கணக்கை எடுத்துக்கொண்டு, அப்படித்தான் நடந்தது என்று காட்டியது. 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு ரொசெட்டோ பேங்கரின் அளவுக்கே வந்துசேர்ந்தது. சாவு அதிகம் ஏறியது இளைய ஆண்களிடமும் வயதான பெண்களிடமும்.

இந்தக் கதை இங்கே சொல்லப்படும்போது உடனே ஒரு பெருமூச்சு வருகிறது. ஆகா, நம் கூட்டுக் குடும்பம், நம் ஊர்க்கட்டு! அந்தப் பெருமூச்சோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, ரொசெட்டோ சின்ன ஊர். இரண்டாயிரம் பேர்கூட இல்லை. சாவுகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தில் தற்செயலுக்கும் ஒரு பங்கு இருக்கும். இந்த விமர்சனத்தைப் பலர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, அந்த ஒற்றுமையின் ஒரு காரணம் வெளியிலிருந்து வந்த அவமதிப்பு. தள்ளிவைக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் நெருங்கினார்கள். பரதவர் கரையின் வரலாறும் அப்படித்தான். 1530களில் முத்துக்கரையின் மீதான போட்டியில் நெருக்கடிக்கு உள்ளாகிப் போர்த்துக்கீசியரிடம் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். அதன்பின் கோயில்தான் ஊர் என்றானது. வெளியே உள்ளவன் ‘கடப்புறத்தான்’ என்று இளக்காரமாகச் சொன்னபோது உள்ளே உள்ளவர்கள் இறுகினார்கள். ஒடுக்குமுறை தந்த நெருக்கத்தை மருந்து என்று கொண்டாடினால் ஒடுக்குமுறையை என்ன சொல்வது?

மூன்றாவதுதான் முக்கியம். நெருக்கம் என்பது பாசத்துக்கு மட்டும் நெருக்கம் இல்லை, பகைக்கும்தான். இந்தக் கரையில் கோவா மிஷன், சேசு சபை மிஷன் என்று 19ஆம் நூற்றாண்டில் ஊர்கள் இரண்டுபட்டு நின்ற வரலாறு இருக்கிறது. தூத்துக்குடியில் மேசைக்காரர், கம்மாரக்காரர் என்ற பிரிவினை இருந்தது. ஊர்விலக்கு இருந்தது. நகரத்தில் ஒருவனோடு சண்டை என்றால் தெருவை மாற்றிக்கொண்டு போய்விடலாம். ஒரே கோயில், ஒரே கல்லறை, ஒரே கரை உள்ள ஊரில் பகைவனைத் தினம் பார்த்தாக வேண்டும். ரொசெட்டோவின் ஆய்வாளர்கள் பாசத்தை எண்ணினார்கள். பகையை எண்ணவில்லை.

4

இந்த இடத்தில் ஒரு பழைய பிரதியைத் திரும்ப வாசிக்கலாம். புறநானூற்றின் 191ஆம் பாட்டு, பிசிராந்தையார் பாடியது. வயது இவ்வளவு ஆகியும் உமக்கு நரை ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். அவர் சொல்லும் பதிலில் மூலிகை இல்லை, தவம் இல்லை. குணம் நிறைந்த மனைவி, நிரம்பிய மக்கள், தான் நினைத்ததையே நினைக்கும் ஏவலர், தீங்கு செய்யாத அரசன், அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழும் ஊர். இவ்வளவுதான் காரணம் என்கிறார்.

நம் வகுப்பறைகளில் இது நட்புக்கான முன்னுரையாக நடத்தப்பட்டுவந்திருக்கிறது. எம்.ஏ.வில் எனக்கும் அப்படித்தான் நடத்தினார்கள். ஆனால் இது முதுமையின் சமூகவியல். உடம்பில் தெரியும் ஒரு குறிக்கு வீட்டிலிருந்து தொடங்கி அரசன் வரைக்கும் காரணம் தேடுகிறது. ரொசெட்டோவுக்கு இரண்டாயிரம் வருடம் முந்திய ரொசெட்டோ என்று யாரேனும் எழுதிவிடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும்: அந்தப் பட்டியலில் ஏவலருக்கு நரைத்ததா இல்லையா என்று பாட்டு கேட்கவில்லை. மனைவியின் தலைமுடி பற்றியும் தகவல் இல்லை. ஒரு கிழவரின் நரையாத தலைக்குப் பின்னால் எத்தனை பேருடைய பணிதல் இருக்கிறது என்பதும் வாசிக்க வேண்டிய விஷயமே.

பிசிராந்தையாரின் நண்பன் கோப்பெருஞ்சோழனின் கதை இதற்கு நேர் எதிர். பெற்ற பிள்ளைகளே படையோடு எதிர்த்து வந்தார்கள். கிழவன் படை திரட்டினான். புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். நீ ஜெயித்தால் நாட்டை யாருக்குக் கொடுப்பாய், தோற்றால் என்ன மானம் என்று கேட்டார். அவன் வடக்கிருந்து செத்தான். இலக்கிய வரலாறு இதை மானத்தின் கதையாகவும், பார்க்காமலே வளர்ந்த நட்பின் கதையாகவும் மாற்றிவைத்துக்கொண்டது. பிள்ளைகளால் விரட்டப்பட்ட ஒரு வயதானவரின் சாவு என்று அதை யாரும் வாசிப்பதில்லை. கணவன் செத்த கணமே மனைவியும் உயிர்விடுவதைத் தொல்காப்பியம் ‘மூதானந்தம்’ என்று ஒரு துறையாக வகுத்துவைத்திருக்கிறது. நெஞ்சு நின்றுபோவதற்கு நம் மரபில் அழகிய பெயர்கள் உண்டு. காரணம் கேட்கும் வழக்கம்தான் குறைவு.

5

பகையை எண்ணும் வேலை மெதுவாகத்தான் தொடங்கியது. 1965 முதல் கலிஃபோர்னியாவின் அலமேடா வட்டாரத்தில் 6928 பேரை ஒன்பது வருடம் கவனித்து 1979இல் பெர்க்மனும் சைமும் வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது: உறவுகள் மிகக் குறைந்தவர்கள், நிறைந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் செத்தார்கள். ஆனால் அங்கே உறவு என்பது எண்ணிக்கை. கலியாணம் ஆனதா, நண்பர்கள் உண்டா, கோயிலுக்குப் போகிறாயா? நம் பெரியவர் இந்தக் கேள்விகள் எல்லாவற்றிலும் தேறிவிடுவார். அண்ணன் நாலு வீடு தள்ளித்தானே இருக்கிறார்!

கேள்வி மாறியது பிறகுதான். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடரும் வைட்ஹால் ஆய்வில், மிக நெருங்கியவர் உனக்கு எவ்வளவு தொல்லை தருகிறார், அவரிடம் பேசினால் நிலைமை இன்னும் மோசமாகிறதா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். 9011 பேரின் பன்னிரண்டு வருடக் கணக்கை 2007இல் வெளியிட்டபோது, நெருங்கிய உறவில் கசப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இதயநோய் அபாயம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. மனச்சோர்வு முதலானவற்றைக் கழித்த பிறகும் கால்பங்கு கூடுதல் நின்றது. அதே உறவிலிருந்து கிடைக்கும் ஆதரவு அதற்கு ஈடான பாதுகாப்பைத் தரவில்லை. பாசம் செய்யும் நன்மையைவிடப் பகை செய்யும் தீமை கனமானது என்று அர்த்தம்.

ஆய்வு தொடங்கியபோது அவர்கள் நடுவயதுக்காரர்கள். முதியவர்களின் கணக்கு தனியே வந்தது. அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையிலான மணமானவர்கள் ஏறக்குறைய 1200 பேரை ஐந்து வருட இடைவெளியில் பார்த்து 2014இல் லியூவும் வெய்ட்டும் எழுதினார்கள்: கசந்த மண உறவு இதயத்தைப் பாதிக்கிறது, வயது ஏற ஏறப் பாதிப்பும் ஏறுகிறது, பெண்களுக்கே அதிகம். ஒஹாயோவில் 1997இல் வேறு மாதிரிப் பார்த்தார்கள். சராசரியாக 42 வருடம் சேர்ந்து வாழ்ந்த 31 தம்பதிகளை உட்காரவைத்து, வழக்கமாகச் சண்டை வரும் விஷயத்தைப் பேசச் சொல்லி, கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுத்தார்கள். பேச்சு கசக்கக் கசக்க மனைவியின் ரத்தத்தில் நெருக்கடிச் சுரப்புகள் மாறின. கணவனின் ரத்தத்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரே சண்டை, இரண்டு உடம்பு.

வயதானவர்களுக்கு ஏன் அதிகம்? முதிர்ந்த ரத்தக்குழாய் விறைத்துப்போகிறது. இளம் குழாய் விரிந்து கொடுத்துத் தாங்கும் அழுத்தத்தை அது தாங்காது. கோபத்தில் ஏறிய அழுத்தம் இறங்க நேரமாகிறது. ஒருநாள் சண்டை என்றால் பரவாயில்லை. தினம் வாசலில் நின்று அந்த வீட்டைப் பார்த்துப் பல்லைக் கடிப்பவனுக்கு அது ஓயாத சுமை. குழாய்ச் சுவரில் அழற்சி நீடிக்கிறது, படிவு ஏறுகிறது. இதோடு தூக்கம் கெடுவது, மாத்திரையை விட்டுவிடுவது, பீடி கூடுவது எல்லாம் சேரும். பகை பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை, மற்றக் காரணிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

நேரடியாகத் தாக்கும் ஒரு வகையும் இருக்கிறது. 1990இல் ஜப்பானிய மருத்துவர் சாட்டோ விவரித்தது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மாரடைப்புப் போலவே நெஞ்சுவலி வரும், ஆனால் குழாயில் அடைப்பு இருக்காது. இதயத்தின் இடக்கீழறை, கழுத்து சிறுத்து அடி பருத்த ஜாடி மாதிரி ஊதிப்போயிருக்கும். ஜப்பானிய மீனவர்கள் பேய்க்கணவாய் பிடிக்கக் கடலுக்குள் இறக்கும் பானையின் வடிவம் அது. அந்தப் பானையின் பெயரே நோயின் பெயராகிவிட்டது: தகோத்சுபோ. இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற வயதுக்கு மேற்பட்டவர்கள். அநேகர் சில வாரத்தில் தேறிவிடுகிறார்கள். மீன்பிடிக்கும் ஜனங்களின் ஒரு பொருள் மருத்துவ அகராதிக்குள் போயிருக்கிறது. மீன்பிடிக்கும் ஜனங்கள் போனார்களா என்பது வேறு கேள்வி.

நம் பக்கத்து மக்களும் சேர்ந்த கணக்கு 2004இல் வந்தது. 52 நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு. அதன் ஒன்பது முக்கியக் காரணிகளில் புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் மன, சமூக நெருக்கடியும் உட்கார்ந்தது. வேலையில், வீட்டில், பணத்தில் நெருக்கடி உண்டா என்று கேட்டிருந்தார்கள். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடச் சில வருடம் முந்தியே முதல் மாரடைப்பு வருகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஆக, அண்ணனைக் கேட்க வேண்டும் என்பது இன்று கவித்துவமான கோரிக்கை இல்லை, மருத்துவம் தானே ஒத்துக்கொண்ட விஷயம். சீட்டில் மட்டும் இன்னும் ஏறவில்லை.

6

இனி ஊருக்குத் திரும்பலாம். பகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘காலம் கெட்டுப்போச்சு’ என்பது ஒரு பதில் ஆகாது. பகை முன்பும் இருந்தது. முன்பு அதற்கு ஒரு எல்லை இருந்தது என்பது என் அனுமானம். அந்த எல்லையைப் போட்டது ஒழுக்கம் அல்ல, தொழில்.

இந்தக் கரையில் முத்தும் சங்கும் குளித்த காலத்தைப் பற்றி ஒன்று சொல்வார்கள். குளிப்பவன் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக இருப்பான். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா! உறவு என்பது இங்கே உணர்ச்சி இல்லை, மூச்சுக்கு உத்தரவாதம். மச்சானோடு சண்டை என்றால் குளிப்புக்கு முன் தீர்த்தாக வேண்டும். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது.

கரைவலையும் அப்படித்தான். ஒரு வலையை இழுக்க இரண்டு கயிற்றிலும் சேர்த்து முப்பது நாற்பது பேர் வேண்டும். கிழவர்களும் ஒரு கை போட்டார்கள், அதற்கு ஒரு பங்கும் கிடைத்தது. நேற்று ஏசியவனுக்குப் பின்னாலேயே இன்று நின்று இழுக்க வேண்டும். ‘உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்’ என்று சொல்லலாம், ஆனால் மீன்பாடு வரும் பருவத்தில் அந்தச் சபதம் தாங்காது. பகைக்கு ஆயுள் குறைவு.

1950களுக்குப் பிறகு விசைப்படகு, நைலான் வலை, 1980களில் வெளிப்பொருத்து எஞ்சின், பின்னர் ஃபைபர் வள்ளம் என்று ஒவ்வொன்றாக வந்தன. விசைப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் நடந்த மோதல்களின் பின்னணியில்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல்மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. இந்த மாற்றங்களை நான் சபிக்கவில்லை. கட்டுமரத்தில் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் இந்தக் கல்லறைகளில் இருக்கின்றன. ஆனால் எஞ்சினுக்குக் கடன் வேண்டும். கடனுக்கு ஒருவர் பெயர் வேண்டும். அண்ணன் தம்பி பொதுவில் வைத்திருந்த மரம் ஒருவர் பெயருக்குப் போகிறது. நாலைந்து பேர் போதும் என்ற தொழிலில் சொந்த அண்ணன் தேவையில்லை, கூலிக்கு ஆள் கிடைக்கும். பகையை வைத்துக்கொள்ள இப்போது வசதி இருக்கிறது. நாற்பது வயதில் மூண்ட பகை எழுபது வரை அப்படியே கிடக்கிறது.

கொழும்பு என்ற போக்கிடமும் மூடியது. இந்தக் கரைக்காரர்கள் கொழும்பில் கடைகளில், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள். ஊரில் ஒருவனோடு மனஸ்தாபம் என்றால் இரண்டு வருடம் அங்கே போய்விட்டு வரலாம், வரும்போது ஒரு சேலையோ சோப்போ கொண்டுவந்து சமாதானம் ஆகலாம். 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்கும் 1964இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பிறகு அந்தக் கதவு அடைபட்டது. இப்போது போவது இளையவர்கள், கப்பலுக்கும் வளைகுடாவுக்கும். கிழவர்கள் இருக்கிறார்கள். பகை யாரோடோ அவர்களும் இருக்கிறார்கள். கடல் வேறு கரையை அரித்துக்கொண்டு வருகிறது. படகு ஏற்றி நிறுத்த இடம் சுருங்கினால் அதற்கும் ஒரு வாக்குவாதம்.

பெண்களின் கணக்கு வேறு. மீன் விற்றதும் வட்டிக்குக் கொடுத்து வாங்கியதும் அவர்கள். கன்னியாகுமரிக் கரையின் முக்குவப் பெண்களைப் பற்றி 1991இல் வெளிவந்த நூலில் கல்பனா ராம் இந்தக் கடன் வலையை விரிவாக எழுதியிருக்கிறார். இங்கும் ஏறக்குறைய அதுதான். பணமும் உறவும் ஒரே கயிறாகத் திரிந்திருக்கும்போது, வட்டி நின்றால் சம்பந்தியும் நிற்கிறாள். ஆண்கள் சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். பேசாத இரண்டு வீட்டுக்கும் நடுவில் கலியாணம், சாவு, நேர்ச்சை என்று போய்வர வேண்டியவள் கிழவி. ரொசெட்டோவில் வயதான பெண்களின் சாவு ஏறியது என்றேனே, உறவைத் தைத்துத் தைத்து வைத்திருந்தவர்கள் யார் என்ற கேள்வியோடு அதைச் சேர்த்து யோசிக்கலாம்.

அரசுக்கும் இதில் ஒரு கை உண்டு. 2007இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கோட்டாட்சியர் நிலையில் ஒரு தீர்ப்பாயத்தை வைத்தது. மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தரச் சொல்லலாம். கவனிப்பேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம். பட்டினி கிடப்பவருக்கு இது தேவையான சட்டம்தான். ஆனால் மகன் எதிர்மனுதாரர் ஆன அன்றைக்கு அந்தத் தகப்பனின் ரத்த அழுத்தத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. சட்டத்துக்குத் தெரிந்த உறவு ரூபாயில் அளக்கக்கூடிய உறவு. பேசாமல் போன பதினோரு வருடத்துக்கு அதில் விதி கிடையாது.

7

அப்படியானால் டாக்டர் அண்ணனைப் பற்றிக் கேட்டுவிட்டால் சரியாகிவிடுமா? இங்கேதான் நேர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் மனச்சோர்வோ ஆதரவின்மையோ உள்ள 2481 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேருக்கு மனநல ஆலோசனையும் உறவை வளர்க்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். 2003இல் முடிவு வந்தது. மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது, தனிமை கொஞ்சம் குறைந்தது. சாவும் மறுமாரடைப்பும் குறையவில்லை. ஆறு மாத ஆலோசனையால் ஒரு வாழ்நாளின் உறவைச் சரிசெய்ய முடியும் என்று எதிர்பார்த்ததே கொஞ்சம் அதிகம்தான்.

இந்தத் தோல்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. உறவை மாத்திரையாக்கித் தனிமனிதனுக்குக் கொடுக்கும் முயற்சி அது. ‘மன்னித்துவிடுங்கள், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நம் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்கள் முதியவர்களுக்குச் சொல்வதும் இதுதான். உப்பைக் குறைப்பதுபோலப் பகையையும் நீயே குறைத்துக்கொள்! பகை ஒருவனுக்குள் இருக்கும் காரணியாக மீண்டும் சுருங்குகிறது. அந்த வள்ளத்தின் பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. சில சமயம் தம்பிக்கு நிஜமாகவே அநியாயம் நடந்திருக்கும். அநியாயத்தை மறக்கச் சொல்வது ஆரோக்கியம் ஆகுமா?

முன்பு இந்த வேலையைச் செய்த அமைப்புகள் இந்தக் கரையில் இருந்தன. பட்டங்கட்டிகள் இருந்தார்கள், தவக்காலத்தில் பகைத்தவர்களைக் கூப்பிட்டுக் கைகோர்க்கவைக்கும் சாமியார்கள் இருந்தார்கள். அவற்றின் சாதி அதிகாரத்தையும் ஆண் அதிகாரத்தையும் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். யாருக்குச் சாதகமாகச் சமாதானம் பேசப்பட்டது என்பதற்கு ஆவணங்கள் வேண்டாம், ஊர்க்கிழவிகளைக் கேட்டாலே தெரியும். ஆனால் அவர்கள் பகையை ஊரின் விஷயமாகப் பார்த்தார்கள், ஒருவரின் மனநிலையாகப் பார்க்கவில்லை. பங்கைக் கணக்கெடுத்து, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவைத்து, அப்புறம்தான் கைகோர்க்கச் சொன்னார்கள். குறைந்தபட்சம் அப்படிச் செய்யவேண்டும் என்ற ஏற்பாடாவது இருந்தது. அந்த இடத்தை இன்று நிரப்பியிருப்பது போலீஸ் ஸ்டேஷனும் வக்கீலும்.

சீட்டில் ஒரு கேள்வி ஏறினால் போதாது, ஆனால் ஏறாமலும் முடியாது. யாரோடு பேசுவதில்லை, எத்தனை வருடமாக என்ற கேள்வியைப் பெரியதாழையிலும் உவரியிலும் கூடுதாழையிலும் மணப்பாட்டிலும் அறுபது தாண்டிய எல்லோரிடமும் கேட்டு ஒரு கணக்கு எடுத்தால், எந்தச் சண்டைகள் சொத்திலிருந்து வந்தன, எவை கடனிலிருந்து வந்தன, எவை கடல் கரையைத் தின்றதால் வந்தன என்று தெரியும். அது ஒரு நோய்க் கணக்காக இருக்கும். கூடவே இந்தக் கரையின் அரசியல் பொருளாதார வரலாறாகவும் இருக்கும்.

கிளம்பும்போது அந்தப் பெரியவரிடம், அண்ணனோடு பேசிவிட்டால் என்ன பாட்டா என்று நானும் கேட்டுவிட்டேன். இவ்வளவு படித்தும் அந்த ஆரோக்கியப் பக்கத்துக் கேள்விதான் வாயில் வந்தது. அவர் வலையிலிருந்து தலையெடுக்கவில்லை.

‘பேசலாம். மொதல்ல அந்த எஞ்சின் கணக்க யாராச்சும் பேசட்டும்’ என்றார்.